ஓரடி முன்னே யார்?

என் மகள் ஸ்ட்ராஸ்பூர்கில் பாலினச் சமத்துவம் பற்றிய பன்னாட்டு இளையோர் பயிற்சிக்குப் போகிறாள். நாள் முழுக்க உரை கேட்டுக் கொட்டாவி விடத்தானா?
– ஒரு தாய், பாரிஸ்

கொட்டாவிக்கு நேரம் கிடைப்பது சந்தேகம்தான், அம்மா! 1972 முதல் அங்கே இயங்கும் ஐரோப்பிய கவுன்சிலின் இளையோர் மையம் உரையைவிடச் செயல்வழிக் கற்றலைத்தான் நம்புகிறது.

பெயர்பெற்ற பயிற்சி ஒன்று: ஆளுக்கொரு சீட்டு, அதில் ஒரு வேடம். வேலையில்லாத தனித்தாய், வங்கி மேலாளரின் மகள், தன்பால் ஈர்ப்புள்ள இளம்பெண்... சீட்டை யாருக்கும் காட்டக்கூடாது. எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க, 'தெருவில் தாக்கப்படுவோம் என்ற பயமில்லை' என்பதுபோன்ற கூற்றுகளை நடத்துநர் ஒவ்வொன்றாக வாசிப்பார். தன் வேடத்துக்குப் பொருந்தினால் ஓரடி முன்னே. கடைசியில் சிலர் எதிர்ச்சுவர் வரை போயிருப்பார்கள். சிலர் நின்ற இடத்திலேயே. ஏன் என்ற விவாதம் அப்போதுதான் சூடுபிடிக்கும்.

இதே கவுன்சில் 2007-இல் வெளியிட்ட 'ஜெண்டர் மேட்டர்ஸ்' கையேடு இணையத்தில் இலவசம். ரயிலில் புரட்டச் சொல்லுங்கள்.