சீலியாக் நோய்: மரபணுச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

சந்தையில் நேரடியாக விற்கிற உழவர்களும் இயற்கை அங்காடி நடத்துகிற நண்பர்களும் இப்போது அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, "இதுல குளூட்டன் இருக்கா?" என்பது. சிலர் மரபணுச் சோதனை அறிக்கையோடே வருகிறார்கள். ஒரு தாய் தன் எட்டு வயது மகளின் அறிக்கையைக் காட்டி, "பாசிட்டிவ்னு வந்திருக்குங்க ஐயா, கோதுமையை அடியோட நிறுத்திட்டேன்" என்றார். "குழந்தைக்கு நோய் இருக்குன்னு டாக்டர் சொன்னாராம்மா?" என்று கேட்டேன். "அதான் பாசிட்டிவ்னு போட்டிருக்கே!" என்றார். இரண்டும் ஒன்றல்ல. உணவை விற்கிற நமக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

நோய் எது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். பரோட்டா மாவு அறுந்துபோகாமல் இழுபடுவது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் அவருடைய சிறுகுடலையே தாக்கும். குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சிறு விரல் போன்ற பகுதிகள் தேய்ந்து மட்டமாகும். வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என்று பல வடிவில் வெளிப்படும். வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதே இன்றுள்ள வழி. கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1940களில் நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே.

சோதனை தேடுவது என்ன?

எச்.எல்.ஏ. டி.க்யூ2, டி.க்யூ8 என்ற இரண்டு மரபணு வகைகளைத்தான் தேடுகிறார்கள். சீலியாக் நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரிடமும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஆனால் நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 30 முதல் 40 பேரிடம் இருக்கும். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது.

வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்குப் பழகின கணக்கிலேயே சொல்கிறேன். பட்டா இல்லாதவர் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்க முடியாது. அதற்காக, பட்டா வைத்திருப்பவர் எல்லோரும் கடன்காரர் ஆகிவிடுவாரா? மரபணு இங்கே பட்டா மாதிரி. "இல்லை" என்று வந்தால் சீலியாக் நோய் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். "உண்டு" என்று வந்தால், நோய் வருவதற்கு இடம் இருக்கிறது என்பது மட்டுமே பொருள். இப்போது நோய் இருக்கிறதா, எந்த வயதில் வரும், எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதையெல்லாம் அது சொல்லாது.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. அந்த மரபணு வட இந்தியாவில் 38 விழுக்காட்டினரிடமும் தென்னிந்தியாவில் 36 விழுக்காட்டினரிடமும் இருந்தது. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 விழுக்காடு, தெற்கில் 0.10 விழுக்காடு. நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். வடகிழக்கில் 37 கிராம்தான்; அங்கே எதிர்ப்புப் பொருள் 0.87 விழுக்காடு. ஆகவே கோதுமையின் அளவும் முழு விடை அல்ல. மரபணு மட்டும் போதாது என்பது தெளிவு.

எப்போது பயன்படும்?

நோயைக் கண்டறிய முதலில் செய்வது டி.டி.ஜி. எனும் இரத்தச் சோதனை. தேவைப்பட்டால் சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் இவை சரியான விடை தரும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அதனால்தான் அந்தத் தாயிடம், இதற்கு மேல் எதையும் மாற்றாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள், நிறுத்திய விவரத்தையும் சொல்லுங்கள் என்றேன்.

மரபணு உணவால் மாறாது. எனவே கோதுமையை ஏற்கெனவே விட்டவர்களுக்கும், நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனை உதவும். "இல்லை" என்று வந்தவரைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் கோதுமை ஒவ்வாமை வேறு நோய்; அதை இந்தச் சோதனை காட்டாது.

நாம் செய்ய வேண்டியது

* இயற்கை முறையில் விளைந்தாலும் கோதுமையில் குளூட்டன் உண்டு. சம்பா கோதுமையிலும் உண்டு. "நாட்டு ரகம், ஒண்ணும் பண்ணாது" என்று சீலியாக் நோயாளியிடம் சொல்லி விற்காதீர்கள்.
* அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்தால் மாவில் கலந்துவிடும். தனி அரவை இல்லையென்றால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.
* கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ப்பார்கள். பொடி வகைகள் செய்து விற்பவர்கள் கவனிக்கவும்.
* "குளூட்டன் இல்லாதது" என்று பையில் அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சோதிக்காமல் அச்சிடாதீர்கள்.

அறிக்கையோடு வருகிறவரிடம் நாம் வைத்தியம் பேச வேண்டாம். "எந்தச் சோதனைங்க இது, மரபணுவா, இரத்தத்துல டி.டி.ஜி.யா?" என்று கேட்டு, மருத்துவரிடம் அனுப்பினாலே போதும்.