மலைமேல் எழுந்த ஆலயம்

வழிபாட்டு முறைக்கு ஏற்பவே வழிபாட்டு இல்லத்தின் அமைப்பும் அமையும். பாப்டிஸ்து சபையார், விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடத்தக்க பருவத்தினரை நீரில் முழுக்கி ஞானஸ்நானம் அளிப்பர். ஆதலின் அவர்தம் ஆலயங்கள் பலவற்றில் ஆள் மூழ்கத்தக்க தொட்டி ஒன்று இருக்கும். கல்கத்தாவில் 1809-இல் திறக்கப்பெற்ற அச்சபையின் ஆலயத்திலேதான், பின்னாளில் பர்மியமொழியில் வேதத்தைப் பெயர்த்த அதோனிராம் ஜட்சன் 1812-இல் ஞானஸ்நானம் பெற்றார். கத்தோலிக்க ஆலயத்திலோ திருப்பலி நிகழும் பீடமே நடுநாயகம். உள்ளே புகுவோரின் பார்வை அதனை நோக்கியே செல்லும்.

வழிபாட்டைப் போன்றே நிலமும் கட்டடத்திற்கு உருவளிப்பது. பழனிமலைத் தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் விளங்குவது கோடைக்கானல். அங்குள்ள சலேத் மாதா ஆலயம், லூயி சேன் சீர் என்னும் பிரெஞ்சுக் குருவின் முயற்சியால் 1866-இல் எழுந்தது. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் லா சலேத் என்னும் சிற்றூருக்கு அருகே, 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், மாடு மேய்த்த சிறார் இருவர்க்கு மாதா காட்சியளித்தார் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. அம்மலையின் பெயரே இம்மலை ஆலயத்திற்கும் வழங்கலாயிற்று.

அக்காலத்தில் மலையடிவாரத்துக்கு இருப்புப்பாதை இல்லை; அம்மையநாயக்கனூர்ப் பக்கம் புகைவண்டி வந்தது 1875-இல்தான். மோட்டார்ச் சாலையோ இருபதாம் நூற்றாண்டில் வந்தது. ஆதலின் மலையிற் கிடையாத பொருள்கள் யாவும் பெரியகுளத்துப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதை வழியே, ஆள் சுமந்தும் விலங்கு சுமந்தும் மேலேறின. கட்டியவர் பெயர் நிலைத்தது. சுமந்தவர் பெயரை யார் அறிவார்?

மலைநாட்டுக் கட்டடத்திற்கு மழையும் பனியுமே பகை. கூரை நன்கு சரிந்திருப்பின் நீர் தங்காது வழியும். சுவர் தடித்திருப்பின் குளிர் எளிதில் புகாது. வாயில் சாளரங்களின்மேல் அமையும் வளைவு, மேற்பாரத்தை இருமருங்கும் பகிர்ந்து சுவருக்கு அளிக்கும்.

பழஞ்சுவர்களின் சுண்ணாம்புச் சாந்து, உள்ளேறிய ஈரத்தை மெல்லமெல்ல வெளிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். அழகுபடுத்தக் கருதிச் செய்யும் பணியே அழிவாய் முடிவதுண்டு. ஆதலின் முன்னோர் கட்டடத்தைப் பேண விரும்புவோர், அது கட்டப்பெற்ற முறையை முதலில் அறிதல் வேண்டும். அறியாது காட்டும் அன்பு காவாது.