பயிற்சிக்குக் கிளம்பும் சுகோய்: மாதிரி விமானத்தில் எதை மாட்டுவது, எதை விடுவது?

திருச்சியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரி 20 அன்று அங்கே 222-ஆவது ஸ்குவாட்ரன் ‘டைகர்ஷார்க்ஸ்’, சுகோய்-30 எம்கேஐ விமானங்களுடன் பணியில் சேர்ந்தது. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கும் படைப்பிரிவு அது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பிளாஸ்டிக் மாதிரி விமானம் கட்டுபவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு கருப்பொருள் இல்லை.

கிட் பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது ஏவுகணைகளும் குண்டுகளும்தான். அத்தனையையும் இறக்கையின் கீழ் மாட்டிவிடத் தோன்றும். ஆனால் போர் விமானம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பயிற்சியில் கழிக்கிறது. அப்போது அதன் சுமை குறைவு. பல நேரம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதுகூட இல்லை. அந்தச் சுமையைச் சரியாகக் காட்டும் மாதிரிதான் நிஜ விமானத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அதற்கான வழி இதோ.

1. ஸ்குவாட்ரனையும் ஆண்டையும் முதலில் முடிவு செய்க

ஆயுதத் தேர்வு பெட்டியிலிருந்து தொடங்கக் கூடாது, தேதியிலிருந்து தொடங்க வேண்டும். பிரம்மோஸ் முதன்முதலில் சுகோயிலிருந்து ஏவிச் சோதிக்கப்பட்டது 2017 நவம்பர் 22 அன்று. 2013-ஆம் ஆண்டு விமானத்தின் வயிற்றில் அதை மாட்டினால் காலம் பிசகிவிடும். எல்லாச் சுகோய்களும் அதைச் சுமப்பதும் இல்லை. உடற்பகுதி வலுப்படுத்தப்பட்டவை மட்டுமே சுமக்கின்றன. தேஜஸ் கட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். 45-ஆவது ஸ்குவாட்ரன் கோவை சூலூருக்கு வந்தது 2018-இல். 18-ஆவது ஸ்குவாட்ரன் தேஜஸுடன் அங்கே தொடங்கியது 2020 மே 27 அன்று.

2. தேதியிட்ட படத்தைத் தேடுக

விமானப்படைத் தளங்களைப் படம் பிடிக்கத் தடை உண்டு. ஆகவே விமானப்படையும் பாதுகாப்பு அமைச்சகமும் வெளியிடும் படங்களே நம்பகமான ஆதாரம். 2024 ஆகஸ்டில் சூலூரில் நடந்த ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்தன. அதன் படங்களில் பயிற்சிச் சுமை எப்படி இருக்கும் என்பதைப் பார்க்கலாம்.

பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில் தரையில் நிறுத்தி, முன்னால் ஆயுதங்களைப் பரப்பி வைத்த விமானத்தை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. அந்த விமானம் எவற்றையெல்லாம் சுமக்க முடியும் என்பதை அது காட்டுகிறது. ஒரே பயணத்தில் எதைச் சுமந்தது என்பதற்கு ஓடுபாதையிலோ வானிலோ எடுத்த படம்தான் சாட்சி.

3. அன்றைய பணியைத் தீர்மானிக்க

வான்சண்டைப் பயிற்சி என்றால் ஒன்றிரண்டு பயிற்சி ஏவுகணைகள் போதும். இவற்றில் இலக்கைத் தேடும் முனை வேலை செய்யும், ராக்கெட் மோட்டார் இருக்காது. விமானி குறி வைத்துப் பழகலாம். ஏவுகணை தண்டவாளத்தை விட்டு நகராது. அமெரிக்க எஃப்-16 விமானங்களில் ஓர் இறக்கை நுனியில் இத்தகைய பயிற்சி சைட்விண்டரும், மறு நுனியில் ஏசிஎம்ஐ என்னும் பதிவுக் கருவியும் இருப்பது வழக்கமான காட்சி. விமானம் எங்கே, எந்த வேகத்தில், எப்படித் திரும்பியது என்பதை அந்தக் கருவி பதிவு செய்யும்; தரையிறங்கியதும் அதை வைத்துச் சண்டையை அலசுவார்கள்.

குண்டுவீச்சுப் பயிற்சிக்குச் சிறிய பயிற்சிக் குண்டுகள் உண்டு. அமெரிக்காவின் பிடியூ-33 வெறும் 25 பவுண்டு எடை. விழுந்த இடத்தைக் காட்டப் புகை மட்டும் கிளப்பும்.

4. காலி இடங்களைக் காலியாக விடுக

சுகோய்-30 எம்கேஐயில் 12 தொங்கு முனைகள் உள்ளன. இறக்கை நுனிகளில் 2, இறக்கைகளின் கீழ் 6, எஞ்சின் கூடுகளின் கீழ் 2, நடுவில் முன்பின்னாக 2. பயிற்சி நாளில் பெரும்பாலானவை வெறுமையாக இருக்கலாம். வெறும் பைலானில் உள்ள துளைகள், பிடிப்பான்கள், தண்டவாளப் பள்ளம் எல்லாம் அப்போது வெளியே தெரியும். உழைப்பை அங்கே செலவிட வேண்டும்.

சுகோயில் வெளி எரிபொருள் டாங்க் மாட்டக் கூடாது. 9 டன்னுக்கு மேற்பட்ட எரிபொருளை உள்ளேயே வைத்துக்கொள்ளும் விமானம் அது. தேஜஸ் அப்படியல்ல, இறக்கையின் கீழ் டாங்குகளோடு பறப்பது அதற்கு இயல்பு. பிரம்மோஸின் எடை 2.5 டன். அன்றாட வான்சண்டைப் பயிற்சி மாதிரியில் அதற்கு இடமில்லை.

5. அளவைக் கணக்கிடுக

நிஜ நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி 72-ஆலோ 48-ஆலோ வகுத்தால் போதும். 21.9 மீட்டர் சுகோய், 1/72-இல் 30 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 2.9 மீட்டர் ஆர்-73 ஏவுகணை 40 மில்லிமீட்டர். சைட்விண்டரின் குறுக்களவு 127 மில்லிமீட்டர், மாதிரியில் 1.8 மில்லிமீட்டர்கூட இல்லை. பயிற்சிக் குண்டு 8 மில்லிமீட்டர் நீளம்தான்.

கிட்டில் உள்ளவை தடிமனாகத் தெரிந்தால், ஹசெகாவா போன்ற நிறுவனங்கள் ஆயுதங்களை மட்டும் தனிப் பெட்டியாக விற்கின்றன. ஏசிஎம்ஐ கருவியைக் கையாலேயே செய்யலாம். சைட்விண்டரின் சிறகுகளை அறுத்துவிட்டு, முனையில் மெல்லிய கம்பித் துண்டு ஒன்றைச் செருகினால் அமெரிக்க வகைக் கருவி தயார்.

6. நிறத்தில் கவனம்

நேட்டோ நாடுகளின் முறைப்படி நீலம் பயிற்சிக்கு, மஞ்சள் பட்டை வெடிமருந்துக்கு, பழுப்புப் பட்டை ராக்கெட் மோட்டாருக்கு. பயிற்சி ஏவுகணையில் மஞ்சளும் பழுப்பும் வந்தால் அது நிஜ ஏவுகணை ஆகிவிடும். கிட்டின் டீக்கால் தாளில் பெரும்பாலும் நிஜ ஆயுதத்துக்கான பட்டைகளே இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு நீலத்தைக் கையால் தீட்ட வேண்டும். 75 மில்லிமீட்டர் பட்டை 1/72-இல் 1 மில்லிமீட்டர். மாஸ்கிங் டேப்பை அந்த அகலத்துக்கு நறுக்கிக்கொள்வது எளிது. ரஷ்ய ஏவுகணைகளுக்கு இந்த நீல விதியை அப்படியே பொருத்தக் கூடாது. அவற்றுக்குப் படம்தான் வழிகாட்டி.

7. வண்ணமும் பொருத்துதலும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஈரப்பதம் கூடும். அப்போது லாக்கர் வார்னிஷ் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் எட்டிப் பார்க்கும் நாள் வரை பொறுப்பது நல்லது. சித்திரை வெயிலில் சிக்கல் வேறு. அக்ரிலிக் பெயின்ட் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்துவிடும். காலை நேரமும் சில சொட்டு ரிடார்டரும் உதவும்.

பாதுகாப்பு ஊசிகளில் தொங்கும் சிவப்பு நாடாக்கள் தரையில் நிற்கும் விமானத்துக்கு மட்டுமே. சக்கரம் மடக்கிப் பறக்கும் மாதிரியில் அவை இருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஆயுதங்களை சிமென்ட் பசையால் ஒட்டாமல், வெள்ளைப் பசையின் ஒரு துளியால் நிறுத்துங்கள். நாளை இன்னும் தெளிவான, தேதியிட்ட படம் ஒன்று கிடைக்கலாம். அப்போது பெயின்ட் கெடாமல் கழற்றி மாற்றிக்கொள்ள முடியும்.