காலையில் பார்த்த கேஸ் அளவு மாலைவரை செல்லுமா?

கேள்வி: எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் ஷட்டவுன் வேலை. 9 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கலனுக்குள் சாரம் கட்டவேண்டும். கீழே பக்கவாட்டில் ஒரு மேன்ஹோல், உச்சியில் ஒன்று. காலையில் கேஸ் மீட்டரை மேன்ஹோல் வாயில் காட்டி, ஆக்சிஜன் 20.9 என்று குறித்து, பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க அது போதுமா, ஐயா?
- சாரம் சூப்பர்வைசர் ஒருவர்

பதில்: போதாது. வாயில் காட்டிய மீட்டர் வாயில் உள்ள காற்றைத்தான் சொல்லும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். மீத்தேன் லேசு, மேலே ஏறும். ஆகவே மீட்டரின் உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டு அடி, நடு, உச்சி மூன்றிலும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலும் 23.5-ஐத் தாண்டினாலும் ஆளை இறக்கவேண்டாம். சுத்தமாகக் கழுவிய கலன்தானே என்று அசட்டையும் வேண்டாம். மூடிக் கிடந்த ஈர இரும்பு துருப்பிடிக்கும்போதே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். புழுக்கமாக இருக்கிறது என்று சிலிண்டர் ஆக்சிஜனை உள்ளே திறந்துவிடுகிற வழக்கம் அதைவிட ஆபத்து. துணியில் ஊறிய ஆக்சிஜனுக்கு ஒரு வெல்டிங் பொறி போதும்.

இதெல்லாம் வெல்டருக்கும் பெயின்டருக்கும் பொது. சாரம் கட்டுகிறவர்களின் சங்கடம் வேறு: கட்டக் கட்ட அந்த இடமே மாறுகிறது. பெர்மிட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை நினைப்பதில்லை. காலையில் வெறும் கலனாக இருந்தது, மதியத்துக்குள் மூன்று தட்டுப் பலகை போட்ட அடுக்காகிவிடும். கீழே வைத்த புளோயரின் காற்று முதல் தட்டோடு நின்றுபோகும். அதனால் ஒவ்வொரு தட்டு முடிந்ததும் அந்த மட்டத்தில் மறுபடி அளவு எடுங்கள். உள்ளே இருப்பவர் சட்டையில் அலாரம் மீட்டர் ஒன்றும் மாட்டியிருக்கட்டும். பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், கால் சிக்காத அளவுக்குக் காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

காற்றுக்குச் சொன்னது மீட்புக்கும் பொருந்தும். உள்ளே போகிறவர் இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை வெளியே நிற்பவர் கையில் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொன்ன வழிகளில் ஒன்று. வெறும் கலனில் அது சரி. பைப்பும் கிளாம்ப்பும் குறுக்கும் நெடுக்குமாக வந்தபின் அந்தக் கயிறு நான்கு இடத்தில் சிக்கும், மயங்கியவரை இழுக்க வராது. எனவே முதல் செங்குத்துப் பைப்பை நிறுத்துமுன்னே, உச்சி மேன்ஹோலுக்கு நேர் கீழே ஸ்ட்ரெச்சர் போகுமளவு ஒரு வழியை அடிவரை காலியாக விட்டு வரைபடம் போடுங்கள். மேலே முக்காலியும் வின்ச்சும் அந்த வழிக்கு நேராக இருக்கட்டும். கீழ் மேன்ஹோலின் குறுக்கே ஒரு பைப்கூட ஓடக்கூடாது. இந்த வழிக்காகச் சாரத்தில் இரண்டு பிரேசிங் கூடுதலாகப் போகும், காண்ட்ராக்டர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1986-இல் எச்சரித்தது. வெளியிலிருந்தே இழுக்க வழியில்லாதபோதுதான் அடுத்தவன் உள்ளே பாய்கிறான்.

பெல்ட் விஷயத்தில் ஒரு சொல். சாதாரண லேன்யார்டு முழுதாக நீண்டு, அதிர்ச்சி உறிஞ்சியும் பிரிந்து முடிய ஐந்தாறு மீட்டர் வேண்டும். உங்கள் கலனில் கீழ்த்தட்டில் நிற்பவர் அதற்குள் தரையைத் தொட்டுவிடுவார். தானாகச் சுருளும் வகையை வாங்கித்தரச் சொல்லுங்கள். விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம்.

பிரிக்கும் நாளில்தான் அதிகம் கவனம் வேண்டும். வெல்டர்கள் போய்விட்டார்கள், கலனை மூட அவசரம், புளோயரையும் கழற்றியிருப்பார்கள். ஆர்கான் வெல்டிங் நடந்திருந்தால் அந்த வாயு அடியில் குளமாகத் தேங்கியிருக்கும். அதற்கு மணமில்லை. பிரிக்கிற வேலைக்குப் புதுப் பெர்மிட், புது அளவு கேளுங்கள். மேன்ஹோல் காவலாள் சாப்பிடப் போனால் உள்ளே இருப்பவர்களும் வெளியே வந்துவிடட்டும். மாற்றாள் வந்து நின்றபிறகு இறங்கலாம்.