கம்பி பூட்டிய குட்டி டீசல்

கேள்வி: நான் அம்பத்தூர்வாசி. முன்பெல்லாம் மின்சார ரயிலில் பெரம்பூர் பக்கம் போகும்போது, காலிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி டீசல் என்ஜினைப் பார்ப்பேன். நீராவி என்ஜினுக்கு இருப்பதுபோலவே அதன் சக்கரங்களையும் கம்பியால் பிணைத்திருந்தார்கள். பழைய நீராவி என்ஜினைத்தான் டீசலுக்கு மாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, அது டீசலாகவே பிறந்தது. நீங்கள் சொல்லும் கம்பியை வைத்துப் பார்த்தால், அது டபிள்யூ.டி.எஸ்.4 வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இத்தகைய ஷண்டிங் டீசல்களை முதலில் அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரவழைத்துக்கொண்டிருந்தோம். 1968 முதல் மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலை இந்த வகையைக் கட்டத் தொடங்கியது. அப்போது அங்கே நீராவி என்ஜின் தயாரிப்பும் நடந்துகொண்டிருந்தது. அது 1972-ல்தான் நின்றது. ஜெர்மனியின் கீல் நகர 'மாக்' நிறுவன வடிவமைப்பில் அமைந்த ஆறு சிலிண்டர் என்ஜின், ஏறத்தாழ 700 குதிரைத்திறன், மூன்றே அச்சுகள்.

பெரிய டீசல்களில் என்ஜின் மின்சாரம் தயாரிக்கும்; மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றும். இதில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. என்ஜின் ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்ற, அது தள்ளும் எண்ணெய் எதிரிலுள்ள இன்னொரு சக்கரத்தைச் சுழற்றும். நின்ற இடத்திலிருந்து பாரமான பெட்டிகளைக் குலுங்காமல் நகர்த்த இது மிகவும் ஏற்றது. அங்கிருந்து வரும் விசையை மூன்று அச்சுகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் நீங்கள் பார்த்த கம்பி. ஓர் அச்சு மட்டும் வழுக்கிச் சுழல அது விடாது. மெதுவாகப் போகும் என்ஜினுக்கு இதைவிட எளிய, உறுதியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. இந்த எண்ணெய்முறைத் தொழில்நுட்பத்தில் நம் ரயில்வே பொறியாளர் எம்.எம்.சூரியும் தம் பெயரிலேயே ஒரு வடிவமைப்பை உருவாக்கினார் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மின்சார ரயில் ஓடும் ஆவடித் தடத்தில் டீசல் எதற்கு என்று தோன்றலாம். கிரேன் வைத்துச் சரக்கு ஏற்றி இறக்கும் சைடிங்குகளில் தலைக்குமேல் மின்கம்பி கட்ட முடியாது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குள்ளும் இதே சிக்கல்தான்.

பிறகு பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கோக்கும் வேலையே குறைந்தது; சரக்கு முழு ரயிலாகவே போகத் தொடங்கியது. குட்டி டீசல்களின் தேவையும் குறைந்தது. சித்தரஞ்சனில் டீசல் தயாரிப்பு 1993-94-ல் நின்றது.

இனி யார்டைக் கடக்கும்போது சக்கரத்தைக் கவனியுங்கள். கம்பி இல்லாமல் ஆறு அச்சுகளோடு நீளமாக நின்றால், அது பின்னால் வந்த 1,350 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எஸ்.6 ஆக இருக்கலாம்.