புதிய பதிப்பு: எண்ணைப் பார்ப்பதா, பயனைப் பார்ப்பதா?

போனிலும் கணினியிலும் "புதிய பதிப்பு வந்துள்ளது" என்ற அறிவிப்பு அடிக்கடி வருகிறது. பெரிய எண்ணோடு வந்தால், புதுப் போன் வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சிறியதாக இருந்தால், "பிறகு பார்க்கலாம்" என்று நாம் தள்ளிவிடுகிறோம். இரண்டிலும் நஷ்டம் வரலாம்.

எண் சொல்வது என்ன?

பல மென்பொருள்களின் பதிப்பு 4.2.1 என்பது போல் இருக்கும். முதல் எண் மாறினால் பெரிய மாற்றம், நடு எண் மாறினால் புதிய வசதி, கடைசி எண் மாறினால் பிழைதிருத்தம் என்பது பொதுவான வழக்கம். ஆனால் எல்லோரும் இதைப் பின்பற்றுவதில்லை. லினக்ஸ் 2011 ஜூலையில் 2.6.39-லிருந்து 3.0 ஆனது. பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று லினஸ் டோர்வால்ட்ஸே அறிவித்தார். ஆப்பிள் 2025-இல் ஐஓஎஸ் 18-க்கு அடுத்ததற்கு 26 என்று பெயரிட்டது. அது ஆண்டுக் கணக்கு மட்டுமே.

சிறியது பெரிதான கதை

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட், விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. புதுப் பெயரோ விளம்பரமோ இல்லை. பலர் அதைப் போடவில்லை. மே 12 அன்று 'வான்னாக்ரை' வைரஸ் அதே ஓட்டை வழியாகப் பரவி, கோப்புகளைப் பூட்டி, 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. திருத்தத்தைப் போட்ட கணினிகளில் அந்த ஓட்டை ஏற்கெனவே அடைபட்டிருந்தது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. பாதுகாப்புத் திருத்தமா? தாமதிக்காமல் போடுங்கள்.

2. பழைய பதிப்புக்கு ஆதரவு முடிகிறதா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இப்படிப்பட்ட அறிவிப்பை அலட்சியம் செய்யக் கூடாது.

3. நம் கடைக் கணக்கு, பிரிண்டர், பழைய கோப்புகள் புதியதில் இயங்குமா? கேட்டறிந்து, முக்கியமானவற்றுக்கு நகல் எடுத்த பிறகே மாறுங்கள்.

4. தோற்றமும் ஓரிரு வசதிகளும் மட்டும்தான் புதிதா? அவசரமில்லை. அதற்காகக் கடன் வாங்கிப் புதுப் போன் வாங்கத் தேவையில்லை.

எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் வரும் "அப்டேட்" இணைப்புகளைத் தொடாதீர்கள். போனின் செட்டிங்ஸ் வழியாக மட்டுமே செய்யுங்கள்.

பயிற்சி: இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு போனிலும் காத்திருக்கும் அப்டேட்டின் விவரத்தை வாசியுங்கள். மேலுள்ள நான்கில் அது எந்த வகை என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.