திருவட்டாறுக்குப் போகிறீர்களா?

● ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்குக் காலையிலேயே செல்லுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியுடன் செல்ல வேண்டும். சயனப் பெருமாளை மூன்று வாசல்கள் வழியே நிதானமாகத் தரிசியுங்கள். பிரகாரத் தூண்களின் சிற்பங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

● அருகிலுள்ள மாத்தூர் தொட்டிப்பாலம், பறளியாற்றின் மேல் சுமார் 115 அடி உயரத்தில் நிற்கிறது. நடக்கையில் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

● திற்பரப்பு அருவிக்கு மாற்று உடை அவசியம். வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிப்பார்கள்; முன்பே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

● சிதறால் மலையின் சமணச் சிற்பங்களைக் காண வெயில் ஏறுமுன் செல்லுங்கள். குடிநீர் கையில் இருக்கட்டும்.

● பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

● 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழைப்பழத்தைச் சுவைக்க மறக்காதீர்கள்.